வீட்டோடு வந்த மூன்று ஆமைகள்

ஓமான் நாட்டின் சோஹாரில் அந்த வீட்டை வாடகைக்குப் பேசி முடித்தபோது சதக்கத்துல்லா ஆமைகளைப் பற்றித் தன் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்பதல்ல. டெலிபோனில் சொல்லும்படியான ஒரு விஷயமாக அது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மூன்று அறை, ஒரு சமையலறை, சுற்றுச்சுவர் வைத்த பெரிய முற்றம், கடல் நடந்து போகிற தூரம் என்று மட்டும் சொன்னார். உம்மு ஹானி எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள்.

2004 செப்டம்பரில் அவள் வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். அதில் இருவரும் சேர்ந்தாற்போல் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு கூரைக்குக் கீழே இருந்ததில்லை. அவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் காயல்பட்டினம் வருவார். அங்கே வழக்கப்படி பெண்ணின் வீட்டில்தான் மாப்பிள்ளை வந்து தங்குவார். தொண்ணூறு நாளும் உபசாரத்தோடும் மரியாதையோடும் ஓடிவிடும். பிறகு பெட்டி கட்டுவார். இப்போது மகள் ஆமிராவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. "ஒரு ஆறு மாசம் இங்க வந்து இரியேன்" என்று அவர் கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல அவளுக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

வந்த மறுநாள் காலை முற்றத்துக் கதவைத் திறந்தாள். காற்று அசையவில்லை. ஈரத்துணியை உடம்பில் சுற்றினாற்போல் புழுக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. வேப்பமரத்தடியில் மூன்று கற்கள் கிடந்தன. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதில் ஒன்று நகர்ந்தது.

"மச்சான்! இங்க வாங்க, மச்சான்!"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து எட்டிப் பார்த்தார். "அதுவா? ஆமை. ஒண்ணும் செய்யாது. வீட்டுக்கார அர்பாபோடது. அவரு மஸ்கட்ல மகன் ஃபிளாட்டுக்குப் போயிட்டாரு, அங்க வச்சிக்க இடமில்லயாம். இது வீட்டோட சேந்ததுன்னு சொல்லித்தான் சாவியவே கையில குடுத்தாரு."

"ஆமைய யாராவது வீட்டோட சேத்து வாடகைக்கு விடுவாங்களா?"

"அது பாட்டுக்கு முத்தத்துல கிடக்கும். உள்ள மட்டும் உட்டுடாத, ஹானி. நம்ம ஊர்ல அது ஆகாதும்பாங்க."

சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கடைத்தெருவில் அவருக்கு ஹார்டுவேர் கடை. பைப்பு, குழாய், பெயிண்ட், ஆணி, பூட்டு என்று துறைமுகத்து சைட்டுகளில் வேலை செய்கிறவர்கள் தேடி வருகிற சாமான் எல்லாம் உண்டு. எட்டு மணிக்குப் போனால் ஒன்றரைக்குச் சாப்பிட வருவார். தூங்கி எழுந்து நாலரைக்கு மறுபடி போவார். சாப்பிடும்போது குழம்பை ஊற்றி "ஆணம் போதுமா?" என்று அவள் கேட்பாள். "போதும்" என்பார். பல நாட்கள் அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். கோபதாபம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

ஆகவே உம்மு ஹானி ஆமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியது பிரியாணிச் சட்டி மூடி அளவு இருக்கும். எதிரே என்ன வந்தாலும் சுற்றிப் போகாது, முட்டித் தள்ளித்தான் போகும். சின்னது இரண்டு உள்ளங்கை அகலம். நடுவிலுள்ளது கொஞ்சம் கூச்ச சுபாவம். அவள் நிழல் பட்டாலே புஸ்ஸென்று மூச்சு விட்டுத் தலையை இழுத்துக்கொள்ளும். அவள் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டாள். லெட்டூஸ் இலை போட்டாள். மீந்த சோறும் குப்பூஸ் ரொட்டியும் போட்டாள். எதைப் போட்டாலும் தின்றன. பத்தே நாளில் நடுவிலுள்ளது அவள் செருப்புச் சத்தம் கேட்டால் தலையை நீட்டத் தொடங்கியது.

சுத்தம் அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. ஆமை கழித்த இடத்தை விட்டுவைக்க மனம் வராது. தினமும் காலையில் ரப்பர் ஹோஸைப் பிடித்து முற்றம் முழுவதையும் அடித்துக் கழுவிவிடுவாள். வெயிலுக்கு இதமாக இருக்கட்டுமென்று ஆமைகளின் முதுகிலும் பீய்ச்சுவாள். அவை படுப்பது மூலையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே, வெறும் மண்ணில். பக்கத்துச் சுவரில் ஏசி. அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அந்த மண்ணில்தான் விழும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அது காய்வதே இல்லை. ஆமைக்குத் தண்ணீர் பிடிக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். காயல் கடலில் அவள் பார்த்த ஆமைகள் எல்லாம் தண்ணீரிலேயே கிடப்பவை.

ஜனவரியில் இரண்டு நாள் மழை பெய்தது. மழைக்குப் பின் குளிர்காற்று பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் நடுவிலுள்ள ஆமை அவள் செருப்புச் சத்தத்துக்குத் தலையை நீட்டவில்லை. போட்ட இலை போட்டபடி கிடந்தது. குனிந்து பார்த்தாள். மூக்கில் சின்னச் சின்னக் குமிழ். மூச்சு விடும்போது கிர்ரென்று ஒரு சத்தம். தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். அடி ஓட்டில் காசளவுக்கு இரண்டு இடத்தில் வெள்ளையாக நைந்து, தொட்டால் விரல் அமுங்கியது. நாற்றமும் அடித்தது.

மதியம் சதக்கத்துல்லா சாப்பிட உட்கார்ந்ததும் அவள் சோறு போடவில்லை.

"நடுவுல்லதுக்கு உடம்பு சரியில்ல. டாக்டர்கிட்ட காட்டணும்."

"ஆமைக்கு டாக்டரா?"

"ஆட்டுக்கு இரிக்கும்போது ஆமைக்கு இல்லாமலா போவும்? அடுத்தவரு பொருளு மச்சான். நம்ம கையில செத்துப்போச்சுன்னா என்ன பதில் சொல்லுவிய?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எழுந்து போய் பிக்அப்பைத் திருப்பி நிறுத்தினார். துணி அலசும் பிளாஸ்டிக் தொட்டியில் பழைய சேலையை விரித்து ஆமையை வைத்து, அதை மடியில் ஏந்திக்கொண்டு அவள் முன்சீட்டில் ஏறினாள்.

கால்நடை மருத்துவமனையில் ஆடுகளும் ஒரு ஒட்டகக் குட்டியும் காத்திருந்தன. டாக்டர் சூடான் நாட்டுக்காரர், உயரமானவர், நிதானமானவர். ஆமையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தன் நாட்டிலும் இந்த ஜாதி உண்டு என்றார். இது பெண் என்றார். பிறகு புரட்டிப் பார்த்தார், முகம் மாறியது. எங்கே படுக்கிறது, என்ன தின்கிறது, தண்ணீர் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சதக்கத்துல்லா அரபியில் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"மோயா மாஃபி!" என்றார் கடைசியில், உம்மு ஹானியைப் பார்த்து. தண்ணீரே கூடாது. இது வறண்ட பூமியின் பிராணி. மழை எப்போதாவது பெய்கிற இடத்தில் முள்ளும் புல்லும் தின்று வாழ்வது. வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும். ஈர மண்ணும் குளிரும் சேர்ந்தால் தாங்காது. குடிக்க ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, குடித்ததும் எடுத்துவிட வேண்டும். சோறும் ரொட்டியும் ஆகாது, புல்தான் சாப்பாடு. முற்றத்தைத் தினமும் கழுவுவது யார்?

சதக்கத்துல்லா அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும்போது வண்டியில், "நான்தான் மச்சான் இத இப்படி ஆக்கிட்டேன்" என்றாள். "சுத்தமா வச்சிக்கிறேன்னு நெனச்சேன்."

"எனக்கு மட்டும் தெரிஞ்சிதா? ஏசித் தண்ணி அங்க சொட்டுறத நாலு மாசமா நானுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அவர். "குழாய் விக்கிறவன் வீட்டுல ஒரு முழம் குழாய் மாட்டி அதத் திருப்பிவிட ஆளில்ல."

குணமாகும்வரை உலர்ந்த, கதகதப்பான இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். உலர்ந்த இடம் என்றால் வீட்டுக்குள்தான். அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அவர் விருந்தாளிகள் உட்காரும் அறைக் கதவைத் திறந்து, கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆகாதும்பாங்கன்னு சொன்னிய?"

"அது நல்லா இரிக்கிற ஆமைக்கு. இது சீக்காளி." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

பழைய பேப்பர் பரப்பி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டார்கள். காலையும் மாலையும் நைந்த இடத்தில் பழுப்பு மருந்து தடவ வேண்டும். அவர் ஆமையைத் தூக்கிப் பிடிப்பார், அவள் பஞ்சால் தடவுவாள். மூன்று நாளைக்கொருமுறை ஊசி. அதற்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு வந்து அழைத்துப் போவார். இருபது நிமிட வழி. அந்த வழியில்தான் அவர் பேசத் தொடங்கினார். பழைய பேட்டரிக் கடை ஒன்றைக் காட்டி, "இதுக்குப் பின்னாடிதான் என் மொத ரூம். பதினோரு பேரு. முட்டைப் பெட்டிய மேசையாப் போட்டுச் சாப்பிடுவோம்" என்றார். இன்னொரு நாள், ஆமிரா பிறந்த தந்தி வந்தபோது தான் எந்தத் தெருவில் நின்றிருந்தார் என்று வண்டியை நிறுத்திக் காட்டினார். இப்போது அங்கே ஒரு பெட்ரோல் பங்க். "அழுதியளா?" என்று கேட்டாள். "பக்கத்துல ஆளு இருந்திச்சு" என்றார். அவள் தொட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தாள்.

ஆறாவது ஊசிக்கு மறுநாள் ஆமை ஒரு புல்லிதழைக் கடித்தது. பாதி தின்றுவிட்டு மீதியை விட்டது. உம்மு ஹானி கடைக்கு டெலிபோன் செய்து அதைச் சொன்னாள். கடையில் அப்போது நாலு பேர் நின்றிருந்தார்கள். "பாதியா, முழுசா?" என்று அவர் அத்தனை பேருக்கும் கேட்கும்படி விசாரித்தார்.

அதற்குப் பிறகு கட்டட வேலை. டாக்டர் சொன்னதையெல்லாம் சதக்கத்துல்லா பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்து வைத்திருந்தார். துறைமுகத்து சைட்டில் கொத்து வேலை செய்கிற மணிமாறன் அவர் கடைக்கு வாடிக்கை. அறந்தாங்கிப் பக்கத்து ஆள். வெள்ளிக்கிழமை லீவு நாளில் வந்து கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டான். ஆமைக்கு என்றதும் முதலில் தயங்கினான்.

"பாய், எங்க ஊர்லயும் ஆமை வீட்டுக்கு ஆவாதுன்னு சொல்லுவாங்க. நான் கட்டிக் குடுத்து, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்மேல பழி வரும்."

"வீட்டுக்குள்ள ரெண்டு மாசமா இரிக்கிது தம்பி" என்றாள் உம்மு ஹானி. "நாங்க நல்லாத்தான் இரிக்கோம்."

மணிமாறன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன தோன்றியதோ, கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

முற்றத்தில் காலை வெயில் விழுகிற கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆமை தோண்டிக்கொண்டு போய்விடும் என்பதால் சுவருக்கு அடியில் இரண்டு கல் ஆழத்துக்கு அஸ்திவாரம். வெளியே தெரிந்தால் அங்கேதான் போவேன் என்று முட்டுமாம், அதனால் சுவரில் துளையே இல்லை. அங்கிருந்த களிமண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, கீழே ஜல்லி, மேலே மணல் என்று கொட்டி, தண்ணீர் வாசல் பக்கம் வடிகிற மாதிரி சரிவு கொடுத்தார்கள். நடுவில் ஒரு சாணுக்கு மேடை எழுப்பி, பலகைத் தரை போட்ட ஒரு சின்ன அறை.

அந்த அறையில்தான் தப்பு நடந்தது. குளிர்காற்று படக்கூடாது என்று சதக்கத்துல்லா நாலு பக்கமும் அடைத்து, மேலே தகரம் போடச் சொன்னார். மணிமாறன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கேட்கவில்லை. வேலை முடிந்த மறுநாள் காலை உம்மு ஹானி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். தகரத்தின் அடிப்புறம் முத்து முத்தாக வேர்த்து, பலகை முழுவதும் நனைந்திருந்தது.

"அதான் பாய் சொல்ல வந்தேன்" என்றான் மணிமாறன் அடுத்த வெள்ளிக்கிழமை. "இந்த ஊரு காத்துலயே தண்ணி இருக்கு. அடைச்சு வச்சா உள்ளயே நின்னு வேர்க்கும். மேல ரெண்டு பக்கமும் சந்து விடணும். காத்து வந்துட்டுப் போவட்டும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, தகரத்துக்கு அடியில் ஒட்டுப்பலகை அடித்து, வாசலில் ரப்பர் பட்டைகளைத் தொங்கவிட்டான். மறுநாள் உள்ளே பலகை உலர்ந்திருந்தது. கூலி வேண்டாம், மூன்று வெள்ளிக்கிழமை வீட்டுச் சாப்பாடு போதும் என்றான். அவன் கேம்ப் மெஸ்ஸில் பருப்பும் சோறும் தின்று அலுத்திருந்தான். உம்மு ஹானி அவனுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் ஆணம் வைத்தாள். "அக்கா, இதுக்காக இன்னொரு ஆமை வாங்குங்க, நானே கட்டுறேன்" என்று சொல்லிவிட்டு மறுசோறு கேட்டான்.

ஊருக்குத் திரும்பும் டிக்கெட் மார்ச் மாதத்துக்கு. கூரை வேலை முடியட்டும் என்று தள்ளிப் போட்டாள். பிறகு ஓடு நன்றாகக் கெட்டிப்படட்டும் என்றாள். ஆமிரா டெலிபோனில், "உம்மா, எங்கள விட ஆமை பெருசாப் போச்சா?" என்று கேலி பேசினாள். "ஆமாம்" என்று சொல்லிச் சிரித்தாள் உம்மு ஹானி.

ஓடு கெட்டிப்பட ஆமைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு உடனே நினைவுக்கு வந்தது கணவாய் மீனின் ஓடு. கடல் ஒதுக்கிப் போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை மாலைகளில் இருவரும் கடற்கரைக்கு நடந்தார்கள். இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் இருப்பவர், அந்தக் கரையில் இதற்கு முன் நடந்ததில்லை என்று அப்போதுதான் சொன்னார். "எங்க நேரம்?" என்றார். அவள் முன்னே குனிந்து பொறுக்குவாள். அவர் பை பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். சில நாள் அவரும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, சத்தம் போட்டு அவளைக் கூப்பிடுவார். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போக்கிக் காயவைத்துப் போட்டால், ஆமைகள் மூன்றும் கறுக்முறுக்கென்று கடித்துத் தின்னும்.

ஆகஸ்டில் காற்று நின்றுபோன நாட்கள் வந்தன. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. கொடியில் போட்ட துணி காயவில்லை. உப்பு ஜாடியில் உப்பு கசிந்தது. உம்மு ஹானி தினமும் காலையில் ஆமைகளின் அறைக்குள் கையை நீட்டி மணலையும் பலகையையும் தடவிப் பார்ப்பாள். ஈரம் தட்டினால் அந்த மணலை அள்ளி வெயிலில் கொட்டிவிட்டு வேறு மணல் போடுவாள். ஆட்டுக்குப் போடும் காய்ந்த புல்லைக் கட்டாக வாங்கி, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கச் சமையலறைப் பரணில் வைத்திருந்தாள். வீட்டில் எது நனைந்தாலும் அது நனையக் கூடாது. அந்த ஆகஸ்டில் ஒரு ஆமைக்கும் மூக்கு ஒழுகவில்லை. நடுவிலுள்ளதின் அடி ஓட்டில் இரண்டு தழும்பு மட்டும் மிச்சம்.

டிசம்பரில் ஒருநாள் நடுவிலுள்ளது அடைப்பின் மூலையில் பின்னங்கால்களால் குழி தோண்டத் தொடங்கியது. ஒரு கால் மாற்றி ஒரு கால், மத்தியானம் வரை. பிறகு அசையாமல் நின்றது. உம்மு ஹானி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிங்பாங் பந்து போல வெள்ளை வெளேரென்று ஒவ்வொன்றாக முட்டைகள் விழுந்தன. எண்ணி முடிப்பதற்குள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் புல் தின்னப் போய்விட்டது.

சதக்கத்துல்லா கடையிலிருந்து கம்பி வலை கொண்டுவந்து அந்த இடத்தில் ஒரு கூண்டு செய்து கவிழ்த்தார், பெரியது முட்டித் தோண்டிவிடாமல் இருக்க. மஸ்கட்டுக்கு வீட்டுக்கார அர்பாபிடம் டெலிபோனில் விவரம் சொன்னார். மறுமுனையில் கிழவர் சந்தோஷத்தில் உருதுவும் அரபியும் கலந்து கத்தினார். தன் கையில் பதினைந்து வருடம் இருந்தும் ஒரு முட்டைகூட வைத்ததில்லையாம். "உன் பெண்சாதிக்கு என் சலாம் சொல்" என்றார். குஞ்சு பொரித்தால் இரண்டை அவர்களே வைத்துக்கொள்ளலாம், வளர்க்க அனுமதிக் காகிதம் எதுவும் வேண்டுமானால் தானே வந்து அலுவலகத்தில் எழுதித் தருகிறேன் என்றார்.

மாதங்கள் போயின. பிப்ரவரி போயிற்று, ஏப்ரல் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. "குளிர்ல கெட்டிருக்கும்" என்றார் சதக்கத்துல்லா. "தோண்டிப் பாத்திடலாமா?"

"வேணாம்" என்றாள். "கிடக்கட்டும்."

ஜூன் மாதம் ஒரு காலை, பத்து மணி இருக்கும். தண்ணீர்த் தட்டை எடுக்கப் போன உம்மு ஹானி கூண்டுக்குள் மண் வெடித்திருப்பதைப் பார்த்தாள். வெடிப்பில் ஒரு மூக்கு. மணல் ஒட்டிய, அவரை விதையளவு மூக்கு. ஓடிப்போய் டெலிபோனை எடுத்தாள்.

"மச்சான், வாங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் கேட் திறந்தது. உள்ளூர் வாடிக்கைக்காரர் ஒருவரைக் கடை வாசலிலேயே நிறுத்தி, இன்று கடை கிடையாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இரண்டு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் போய் குடையைக் கொண்டுவந்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

"உங்களுக்கு?"

"எனக்குத் தொப்பி இரிக்கில்ல."

ஒரு முன்னங்கால் வெளியே வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு கால். கை கொடுத்துத் தூக்கிவிடலாமா என்று அவர் இரண்டு முறை கேட்டார், அவள் இரண்டு முறையும் கூடாது என்றாள். பன்னிரண்டு மணிக்கு முதல் குஞ்சு முழுதாக மேலே வந்து, முதுகில் மண்ணோடு, கண்ணை மூடிக்கொண்டு படுத்தது. அதற்குப் பக்கத்தில் மண் மறுபடி அசைந்தது.

"சோறு ஆக்கலியே மச்சான் இன்னும்" என்றாள் உம்மு ஹானி திடுக்கிட்டு.

"அது கெடக்கு. குப்பூஸ் வாங்கிக்கலாம். நீ உக்காரு" என்றார் சதக்கத்துல்லா. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, வாளியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டார்.